ஏறாத முள்

"ஆசானே, முள்ளு ஏற மாட்டேங்குது" என்றார் இஞ்ஞாசி.

பிரகாசி நிமிரவில்லை. படகு மோட்டார் பழுதுபார்க்கும் தன் பட்டறையில், மடியில் ஒரு கார்பரேட்டரை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். அவருக்கோ அறுபது நெருங்குகிறது. ஆனாலும் அவர்தான் சீடர். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டுமே! கடலுக்கே பயப்படாத மனுஷன், ஊர்ச் சிரிப்புக்கா பயப்படுவார்?

அன்றைக்குக் கடப்புறம் முழுக்க மார்கழிப் பனி. மணல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கரையில் கிடந்த படகுகள் மிதக்கிற மாதிரி இருந்தன. அலைச் சத்தம் மட்டும் யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல வந்துகொண்டிருந்தது.

"எந்த மீட்டரை வச்சுப் பாத்திய மாமா?"

அவர் நீட்டினார். லாரிப் பட்டறையில் இரவல் வாங்கிய கம்ப்ரஷன் மீட்டர்; எஞ்சின் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று முள்ளில் காட்டுவது. குழாய் ஒரு கை நீளம்.

"இது பெரிய எஞ்சினுக்கு உள்ளது. நம்ம எஞ்சின் விடுற மூச்சு இந்தக் குழாயை நிரப்பவே சரியாப் போயிரும். அப்புறம் முள்ளு எங்க ஏற?"

அலமாரியிலிருந்து சின்ன மீட்டரை எடுத்துக் கொடுத்தாள். சாண் நீளக் குழாய். பிளக் இருக்கிற ஓட்டையில் மரை போட்டு முடுக்குகிற மாதிரி நுனி.

அவர் அதை வாங்கிக்கொண்டு பனிக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"அறுபதுலயே நிக்குது ஆசானே. நூறைத் தாண்டணும்னு நீதான சொன்ன?"

"ஆமா."

"அப்ப என் மவன் போயிருவான்."

விஷயம் இதுதான். மகன் ரெமி வெளிநாடு போகிறேன் என்று நின்றான். படகு மோட்டார் செத்துப்போச்சு, இனி இங்கே என்ன வேலை என்றான். சாகலைல என்றார் அப்பா. செத்திருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு நீ போ, உயிர் இருந்தால் என்னோடு கடலுக்கு வா என்று பந்தயம் கட்டினார். அதற்காகத்தான் இந்த வயதில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டது. காயலான் கடைக்காரர் இன்றைக்கு வருகிறார்.

"வாங்க" என்று எழுந்தாள் பிரகாசி.

மோட்டார் வெளியே ஒரு மரச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி இழுத்திய? இழுத்துக் காட்டுங்க."

பிளக்கை ஏற்கெனவே கழற்றியிருந்தார். மீட்டர் முடுக்கியிருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இஞ்ஞாசி இடது கையால் ஆக்சிலேட்டரைப் பிடித்து முழுக்க மூடினார். வலது கையால் கயிற்றை இழுத்தார். ஒருமுறை, இரண்டுமுறை, மூச்சு வாங்க வாங்க இன்னும் சில முறை.

அறுபது.

"பாத்தியா? என் தலையெழுத்து!"

பிரகாசி முள்ளைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கை என்ன செய்யுது மாமா?"

"எது? இதா? கயிறு இழுக்க முன்ன ஆக்சிலேட்டரை மூடணும்லா. இல்லன்னா படகு துள்ளி ஆளைக் கடல்ல தள்ளிரும். நாப்பது வருசப் பழக்கம். அது பாட்டுக்குச் செய்யும்."

அவள் பக்கத்தில் வந்தாள். சட்டென்று ஒரு கையால் அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினாள்.

"ஊதுங்க."

அவர் திமிறினார். கண் பிதுங்கியது.

"ஊதுங்க மாமா! பலமா ஊதுங்க!"

கையை எடுத்தாள். பனிக்காற்று குபுகுபுவென்று நெஞ்சுக்குள் இறங்கியது.

"பாவி! உள்ள போனாத்தானட்டீ வெளிய வரும்?"

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

இஞ்ஞாசி மோட்டாரைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார். எஞ்சினுக்குள் காற்று போகிற வழியை அடைத்தது அந்தக் கைதான். மெதுவாக ஆக்சிலேட்டரைக் கடைசிவரை திறந்தார். அந்தக் கைக்குப் பிடிக்கவில்லை.

இழுத்தார்.

எண்பது. நூறு. நூற்றுப் பதினைந்தில் போய் நின்றது.

"ஏறிட்டு! ஏறிட்டுல்லா!" என்று மணலில் குதித்தார். "உயிர் இருக்கு! ஜெயிச்சுட்டேன்! இனி எங்க போவான் அவன்? பேச்சுன்னா பேச்சுதான்!"

அவர் குதித்து முடிக்கிறவரை பிரகாசி காத்திருந்தாள்.

"ரெமிக்கு அங்க என்ன வேலையாம் மாமா?"

"யாருக்குத் தெரியும்?"

"அவன் சொல்லலையா?"

"அவன் எங்க சொல்ல? வாயைத் திறந்தாலே நான்..."

நிறுத்திவிட்டார்.

அவருடைய இடது கை இன்னும் ஆக்சிலேட்டர் மேல்தான் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார்.

பனிக்குள்ளிருந்து ரெமியின் குரல் வந்தது. ஆள் தெரியவில்லை.

"அப்பா! காயலான் கடைக்காரர் வந்துட்டாரு. எஞ்சின் என்னாச்சு?"

"நல்லா இருக்குல!"

மணலில் கால் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவரைப் போகச் சொல்லிட்டு நீ இங்க வா" என்றார் இஞ்ஞாசி. "வந்து உக்காரு. அங்க என்ன வேலை, எதுக்குப் போணும்னு சொல்லு."

"சொன்னா?"

"நீ முடிக்கிற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன்."