அக்காவுக்காக விழுங்கிய மாத்திரை

சட்டித்தோப்பு பேச்சியம்மாளுக்கு மூன்று தம்பிகள்: கொம்பையா, நல்லமாடன், பூவலிங்கம். அறிவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாசத்தில் குறை சொல்ல முடியாது. அக்கா தைராய்டுக்கு நெடுநாளாக மாத்திரை சாப்பிடுகிறவள். மாதவிலக்கு நின்றதிலிருந்து திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது, வியர்த்துக் கொட்டியது, தூக்கம் போயிற்று. ஒருநாள் சோற்றுப்பானையை இறக்கும்போதே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். தம்பிகள் மூவரும் தேம்பி அழுதார்கள். பானையும் கவிழ்ந்திருந்தது.

டாக்டரம்மா புதிதாக ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தைராய்டு மாத்திரை விடிகாலையில, இது ராத்திரியில. ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க. இதைச் சாப்பிட ஆரம்பிச்சா அதோட வேகம் குறையலாம். ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பார்த்து, வேணும்னா அதைக் கூட்டிக்கலாம்."

வீட்டில் ஆலோசனை நடந்தது.

"காலையில போனது ராத்திரிக்குள்ள வெளிய வந்துருமாலே?" என்றான் கொம்பையா.

"இதுவரைக்கும் ஒண்ணும் வந்த மாதிரி தெரியலையே," என்றான் நல்லமாடன்.

"அப்பம் ரெண்டும் வயித்துக்குள்ள சந்திச்சுக்கிடுமே!" என்று பதறினான் பூவலிங்கம்.

வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்தபின் நல்லமாடனுக்கு வழி தெரிந்தது. "அக்காவுக்கு அம்மை கண்டப்போ திருச்செந்தூர்ல மொட்டை போட்டது யாரு? நான். குணமானது யாருக்கு? அக்காவுக்கு. அதே மாதிரி ராத்திரி மாத்திரையை அவளுக்காக நான் முழுங்குதேன்."

அன்றிரவே குளித்து, திருநீறு பூசி, கிழக்கே பார்த்து நின்று விழுங்கினான். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான் என்று அக்கா கண்கலங்கினாள்.

வாரங்கள் போயின. அக்காவின் வியர்வை நிற்கவில்லை. நல்லமாடனுக்கோ மார்பு வலித்தது. சட்டை உரசினாலே முகத்தைச் சுளித்தான். "வேண்டுதல் பலிக்குதுடே, பொறுத்துக்கோ," என்று கொம்பையா ஆறுதல் சொன்னான்.

ஆறு வாரம் கழித்து நால்வரும் போனபோது, விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "யாருக்கு நோயோ அவங்கதான்யா மாத்திரை சாப்பிடணும்! நீ இனிமே அதைத் தொடாதே. அம்மா, ரெண்டு மாத்திரையும் நீங்களே சாப்பிடணும். நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க, ரத்தம் எடுக்கணும்."

'மாத்திரையை அக்காதான் சாப்பிடணும்' என்று வழியெல்லாம் மூவரும் மனப்பாடம் செய்துகொண்டே போனார்கள்.

மறுநாள் பேச்சியம்மாள் ஏப்பம் விட்டபடி வந்தாள். பின்னால் தம்பிகள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்கள்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"எட்டு இட்லி," என்றாள் அவள் வெட்கத்தோடு.

டாக்டரம்மா கொம்பையாவை முறைத்தார்.

"கோவிக்காதிய டாக்டரம்மா," என்றான் அவன் ஈனக்குரலில். "மாத்திரையைத்தானே அவ சாப்பிடணும்னு சொன்னிய? சாப்பிட்டுட்டா. பசிதான் அவளுக்குத் தாங்காது. வெறும் வயித்தை நாங்க மூணு பேரும் கொண்டாந்திருக்கோம்."