பக்தபூருக்குப் போன புறா

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனுஷனுக்கும் பேச்சு ஒன்றாக இருந்தபோது, புறாக்கள் ஊருக்குள் கிடையாது. நேபாளத்து மலைக்காட்டில் மரத்துக்கு மரம் கூடு கட்டி வாழ்ந்தன. கூடு என்றால் சாமானியக் கூடா? நாரும் பாசியும் வைத்துப் பின்னிய, காற்றுகூட நுழையாத கூடு. நடையும் இப்போது மாதிரி இல்லை. கழுத்தை அசைக்காமல் நேராக நடக்கும்.

அந்தக் காட்டில் ஒரு பெண் புறா இருந்தது. தங்கமான குணம். ஒரே ஒரு குறை, யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாது. கேட்டவர் கேட்டு முடிப்பதற்குள் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிடும். "உன் குச்சியை எடுத்துக்கட்டுமா?" என்றாலும் ஆட்டும். "என் குஞ்சுகளைக் கொஞ்சம் பாத்துக்கிறியா?" என்றாலும் ஆட்டும். காட்டில் அதற்கு ரொம்ப நல்ல பெயர். நல்ல பெயர் சும்மாவா கிடைக்கும்?

அதற்கு இரண்டு தோழிகள். ஒருத்தி ஊர் சுற்றும் மைனா, இன்னொருத்தி எதிலும் குறை கண்டுபிடிக்கும் கிளி. அறுவடை முடிந்த சமயம், ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக மைனா வந்து நின்றது.

"அடியே, கீழே பக்தபூர்னு ஒரு ஊர் இருக்காம். அஞ்சடுக்குக் கோயிலாம், ஜன்னல்ல மரத்துலயே செதுக்கின மயிலாம், மண்சட்டியில கெட்டித் தயிராம். இப்பப் போனா சாயங்காலம் திரும்பிடலாம்."

"வழி தெரியுமா உனக்கு?" என்றது கிளி.

"வாயிருந்தா வங்காளமே போகலாம். பக்தபூர் போக முடியாதா?"

புறாவுக்கும் ஆசைதான். ஆனால் கூட்டில் இரண்டு முட்டைகள் இருந்தன. புறாக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பகலில் அப்பா அடைகாக்கும், பொழுது சாய்ந்ததும் அம்மா வந்து உட்காரும். அம்மா வந்து மாற்றிவிட்டால்தான் அப்பாவுக்கு இரையும் தண்ணீரும்.

"போயிட்டு வாயேன், பகல்ல எப்படியும் என் முறைதானே" என்றது ஆண் புறா. "ஆனா பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவியா?"

அதற்குள் மைனா "வாடி சீக்கிரம்!" என்று கத்தியது. பெண் புறா சிறகை விரித்துவிட்டது. கேள்வி காதில் விழாமல் இல்லை. வீட்டுக்காரர்தானே, வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று பறந்துபோயிற்று.

பக்தபூர் சொன்னதற்குக் குறைவில்லாமல்தான் இருந்தது. கோயில் படிகளின் இரு பக்கமும் கல் மல்லர்கள், அவர்களுக்கு மேலே கல் யானைகள், அதற்கும் மேலே கல் சிங்கங்கள். மைனா ஒவ்வொன்றின் தலையிலும் உட்கார்ந்து பார்த்தது. கிளி மர மயிலைப் பார்த்து, "என்ன மயில் இது, ஒரு வண்ணம்கூட இல்லை" என்று நொட்டை சொன்னது. தயிர்க் கடை வாசலில் சிந்தியிருந்ததை மட்டும் குறை சொல்லாமல் நக்கியது. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புறா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

மதியத்துக்கு மேல் குயவர்கள் இருக்கும் சதுக்கத்துக்கு வந்தார்கள். ஒரு பக்கம் இன்னும் சுடாத பச்சைப் பானைகள் காய்ந்தன, மறுபக்கம் பாய்களில் நெல் காய்ந்தது. நெல்லுக்குக் காவல் இருந்த ஹீராமாயா என்ற குயத்தி, புறாவைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"அம்மாடி, என் மகளுக்கு இடுப்பு வலி எடுத்திருச்சு. வீட்டு ஆளுங்க எல்லாம் வயல்ல இருக்காங்க. நெல்லை இப்படியே போட்டுட்டுப் போனா காக்காயும் வாத்தும் வாரிட்டுப் போயிடும், வருஷச் சாப்பாடு அது. நான் வர்ற வரைக்கும் நகராம பாத்துக்கிறியா தாயே?"

புறா தலையை ஆட்டியது. ஹீராமாயா ஓட்டமாக ஓடிப்போனாள்.

மைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வர்ற வரைக்கும்னா எப்ப வரைக்கும்? கேட்டியா அதை?"

"இதோ வந்துடுவாங்க."

பிரசவம் என்ன கடைக்குப் போய் வருகிற காரியமா? வெயில் இறங்கிற்று. கோயில் நிழல் நெல் மேல் வந்து விழுந்தது. ஹீராமாயாவைக் காணோம்.

"கிளம்புடி" என்றது கிளி. "நெல் அவ நெல்லு. முட்டை உன் முட்டை."

"தலையாட்டிட்டேனே" என்றது புறா. அழுகை வந்தது, ஆனால் நகரவில்லை.

தோழிகள் போய்விட்டார்கள். விளக்கு வைத்த பிறகு ஹீராமாயா மூச்சிரைக்க வந்து, "பேரன் பிறந்திருக்கான்!" என்றாள். ஒரு நெல் குறையவில்லை. ஆனால் இருட்டில் புறாவுக்குக் கண் தெரியாதே? கோயில் கூரைக்கு அடியில், இறவாணத்தில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, வெளுத்ததும் பறந்தது.

கூடு காலியாக இருந்தது. ஆண் புறா பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தது.

"இருட்டின பிறகும் காத்திருந்து பார்த்தேன். தொண்டை வறண்டுபோச்சு. கண்ணு தெரியாட்டியும் தட்டுத்தடுமாறி ஓடைக்குப் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். அதுக்குள்ள மரநாய் வந்துடுச்சு."

பெண் புறா அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னது. ஆண் புறா முழுக்கக் கேட்டது. திட்டவில்லை.

"ஊர்ல யார் யாரோ கேட்டதுக்கெல்லாம் தலையாட்டின. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அதுக்கு மட்டும் ஆட்டல."

தாட்சண்யம் தனநாசம் என்பார்கள். தனம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

அந்த மரத்தில் இருக்க இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. "இனிமே நீ போற இடத்துக்கு நானும் வர்றேன்" என்றது ஆண் புறா. இரண்டும் பக்தபூருக்கே வந்தன. விஷயம் தெரிந்ததும் ஹீராமாயா மார்பில் அடித்துக்கொண்டாள். "என் வீட்டுக்கு ஒரு உயிர் வர, உன் வீட்டுல ரெண்டு போச்சே!" கோயில் இறவாணத்தைக் காட்டி, அங்கேயே இருக்கச் சொன்னாள். சதுக்கத்தில் நெல் காயும்போது இவர்களை யாரும் விரட்டக்கூடாது என்று தெருவுக்கே சொல்லிவைத்தாள்.

மறுபடி பின்னிப் பின்னிக் கூடு கட்டப் பெண் புறாவுக்குக் கை வரவில்லை. நாலு குச்சியைப் போட்டு முட்டை இட்டது. காலையில் அது இரை தேடக் கிளம்பும்போதெல்லாம் ஆண் புறா அதைச் சுற்றி வந்து, "வந்துடுவியா? வந்துடுவியா?" என்று தொண்டைக்குள்ளேயே கேட்டது. பெண் புறா தலையை ஆட்டியது. ஓர் அடி வைத்து ஆட்டியது, இன்னோர் அடி வைத்து மறுபடி ஆட்டியது. நிறுத்தவே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த குஞ்சுகளும் அப்படியே நடக்கக் கற்றுக்கொண்டன.

அன்று முதல்தான் புறா நடக்கும்போதெல்லாம் தலையை ஆட்டுகிறது, எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டாலும் தன் கூட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறது.