பூவலிங்கம் அளந்த சோப்பு அச்சு

கோணன்குளத்தில் பூவலிங்கம், சடாச்சரம், இசக்கி என்று மூன்று கூட்டாளிகள் இருந்தார்கள். மூவருக்கும் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

பூவலிங்கத்துக்கு நான்கு இடத்தில் பெண் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவது இடத்தில், மாப்பிள்ளை சோப்புக் கம்பெனி வைத்திருக்கிறார் என்று தரகர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா வெயிலுகந்தான், வெள்ளிக்கிழமை மகளோடு வந்து சோப்பைப் பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். வியாழக்கிழமை காலை வரைக்கும் கம்பெனியில் சோப்பும் இல்லை, கம்பெனியும் இல்லை.

ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த செய்முறைத் தாளை இசக்கி வாங்கி வந்தார். சடாச்சரம் வாசித்தார். "சோப்பு ஊற்ற, மரப்பலகையில் பெட்டி போல ஓர் அச்சு செய்யவும். அளவை உள்ளே எடுக்கவும். வெளியே எடுக்கக் கூடாது."

மூவரும் பலகையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நாம எல்லாரும் வெளியதான இருக்கோம்," என்றார் இசக்கி.

"அப்போ ஒருத்தர் உள்ள போகணும்," என்றார் சடாச்சரம்.

"பெட்டி இன்னும் செய்யலையே வே."

"உள்ள ஆள் இருந்தாத்தான அவரைச் சுத்திப் பெட்டி செய்ய முடியும்."

கல்யாணம் தன்னுடையது என்பதால் பூவலிங்கம் டேப்பைப் பிடித்துக்கொண்டு அடிப்பலகையில் மல்லாந்து படுத்தார். மற்ற இருவரும் நாலு பக்கமும் பலகை நிறுத்தி, இடுக்கு இல்லாமல் நெருக்கி ஆணி அடித்தார்கள். சுத்தமான வேலை.

"நீளம் அஞ்சேகால் அடி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தாள்ல ஒரு அடின்னு போட்டிருக்கே," என்றார் இசக்கி.

"அது எழுதினவரோட அளவு," என்றார் சடாச்சரம். "ஆளு குள்ளமா இருக்கும்."

அளந்து முடித்த பூவலிங்கத்தால் எழுந்திருக்க முடியவில்லை. தோள் இரண்டும் பலகையில் இறுகியிருந்தன. ஆணியைப் பிடுங்கலாமா என்று இசக்கி கேட்டார். சடாச்சரம் தாளைக் காட்டினார். அடித்த ஆணியை அசைத்தால் சோப்பு ஒழுகும் என்று எழுதியிருந்தது.

"எனக்காகப் பாக்காதீங்க," என்றார் பூவலிங்கம். "கல்யாணம் நடந்தாப் போதும்."

சோப்பு ஒட்டாமல் வர உள்புறம் முழுவதும் காகிதம் விரிக்க வேண்டுமாம். உள்புறத்தில் பூவலிங்கமும் இருந்தார். அவர் மேலும் செய்தித்தாளை விரித்தார்கள். ராசிபலன் பக்கம் முதுகுக்குக் கீழே போய்விட்டதில் அவருக்குச் சின்ன வருத்தம்.

வேப்பிலை போட்டுக் காய்ச்சிய சோப்புக் கூழைத் தூக்கும்போது இசக்கி நின்றார்.

"ஆள் மேல ஊத்தலாமா வே?"

"நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்க. எப்படியும் குளிக்கணும்லா."

கை பொறுக்கும் சூட்டில், காது வரைக்கும் ஊற்றினார்கள். மறுநாள் வரை ஆடக் கூடாது என்பதால் பூவலிங்கம் இரண்டு தும்மலை விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வந்து சேர்ந்தபோது சோப்பு இறுகியிருந்தது.

"வாங்க மாமா," என்றார் பூவலிங்கம், தாடையை அசைக்காமல்.

வெயிலுகந்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். மகள் பேராச்சி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். பூவலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"பொண்ணுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் வெயிலுகந்தான். "கெட்டியா, வழவழன்னு வந்திருக்காரு. ஆனா அவளுக்கு வேப்பிலை மணம் ஆகாது. இதையே சந்தனத்துல காட்ட முடியுமா?"

சடாச்சரம் அடுப்பைப் பற்றவைக்கப் போனார். இசக்கிக்கு ஏற்கெனவே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இருந்தாலும் கூட்டாளியின் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அடுத்த பலகையில் மல்லாந்து படுத்தார்.