பதினொரு கதவும் இருபத்திரண்டு வாயும்

கேளுங்கள். வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால் நல்லது. இது பசியைப் பற்றிய கதை. வெறும் வயிற்றோடு கேட்டால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள்.

வெகு காலத்துக்கு முன்னால் ஏழுகிணற்றூர் என்று ஓர் ஊர் இருந்தது. அதை வளைவில் வேந்தர் என்று ஓர் அரசர் ஆண்டார். நல்லவர். எதையும் யோசித்துத்தான் பேசுவார். பேசிய பிறகு மறுபடி யோசிக்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

ஒரு வருடம் மழை பெய்யவில்லை. மறு வருடமும் பெய்யவில்லை. மூன்றாம் வருடம் ஊரார் மழையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். ஏழு கிணறுகளில் இரண்டில்தான் தண்ணீர் நின்றது.

அரசர் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். "ஒருவரும் பசித்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வீடு சமமாகக் கொடுங்கள்" என்றார்.

களஞ்சியத்துக்கு அதிகாரி சோலைக்கூத்தர். அவர் ஆணையை எழுதிக்கொண்டு வந்தார். தெருக்கதவு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டு படி கேழ்வரகு, அரைப் படி கொள்ளு, ஒரு கை உப்பு.

"கதவு எதற்கு?" என்று அரசர் கேட்டார்.

"தலையை எண்ணினால் தலைகள் நகர்ந்துகொண்டே இருக்கும், அரசே. கதவு நின்ற இடத்தில் நிற்கும்."

அரசருக்கு அது சரியாகப் பட்டது.

பத்து நாளில் ஊரிலே ஓய்வில்லாமல் உழைத்தவர்கள் தச்சர்கள்தான். இரண்டு பேர் வாழ்ந்த வீட்டில் மூன்று கதவு முளைத்தது. ஒருவர் மாட்டுத் தொழுவத்துக்குத் தாழ்ப்பாளோடு கதவு போட்டார். மாடு செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்த ஊரின் கோடியில் கிணறு வெட்டும் குடும்பம் ஒன்று இருந்தது. மாமனார், மாமியார், மாமனாரின் தங்கை, அண்ணன் தம்பிகள் நால்வர், அவர்களின் மனைவியர் நால்வர், பிள்ளைகள் பதினொருவர். ஆக இருபத்திரண்டு பேர். கதவு ஒன்று.

அந்த வீட்டுக்குச் சமைத்தவள் மூத்த மருமகள் மாடத்தி.

முதல் நாள் இரண்டு படி கேழ்வரகு வந்தது. மாமியார் அதைப் பார்த்தாள், பந்தியைப் பார்த்தாள், மறுபடி கேழ்வரகைப் பார்த்தாள். "ஏ மாடத்தி, நாமளும் நாலு கதவு வெச்சிருவோம்" என்றாள்.

"வேண்டாம் அத்தை."

"ஊரே வைக்குதே."

"ஊரு வைக்கட்டும். நான் முதல்ல அடுப்ப வைக்கேன்."

அவள் செய்ததில் வித்தை ஒன்றும் இல்லை. கொள்ளை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளைவிட்ட பிறகே வேகவைத்தாள். கேழ்வரகைச் சலிக்காமல் தவிட்டோடு அரைத்தாள். வறட்சியிலும் பட்டுப்போகாமல் நின்ற முருங்கையின் இலையைக் கைநிறைய உருவிக் கூழில் போட்டாள். சிறியவர்கள் முதலில் உண்டார்கள். மண் சுமக்கிறவர்களுக்குக் கெட்டியாக ஊற்றினாள். தனக்கும் அளந்து ஊற்றிக்கொண்டு எல்லோரோடும் உட்கார்ந்து உண்டாள். பானை காலியான பிறகு அடியை வழித்துத் தின்னும் வழக்கத்தை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

"சமைக்கிறவ விழுந்தா, மிச்சம் இருபத்தொரு பேரும் மறுநாளே விழுவாங்க" என்றாள்.

இப்படி மூன்று மாதம் போயிற்று.

ஊரில் பலரும் படுத்துவிட்டார்கள். அரசரின் மல்லர்கள்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஆனால் எட்டாவது கிணறு வெட்டப் போன அண்ணன் தம்பிகள் நால்வரும் நாள்தோறும் அறுபது கூடை மண் ஏற்றினார்கள். இது சோலைக்கூத்தர் காதுக்கு எட்டியது. அவர் இரண்டு காவலரோடு மாடத்தி வீட்டுக்குப் போனார். காவலரைக் கண்டதும் பிள்ளைகள் பதினொரு பேரும் ஓடினார்கள்.

சோலைக்கூத்தருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் சபையில் அவர் முறையிட்டார். "அரசே, பஞ்ச காலத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஓடுகின்றன. என் கண்ணால் பார்த்தேன். காவலரால் பிடிக்க முடியவில்லை. களஞ்சியத்தில் திருடாமல் இது நடக்காது."

சபைக்கு அழைத்து வரப்பட்டிருந்த மாடத்தியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"திருடினாயா?" என்று அரசர் கேட்டார்.

"இல்ல, மகாராசா."

"பிறகு எப்படி இருபத்திரண்டு பேரும் நடமாடுகிறீர்கள்?"

"சமைச்சுச் சாப்பிட்டோம்."

அரசர் யோசித்தார். பிறகு பேசினார்.

"அரண்மனை முற்றத்தில் மூன்று நாள் சமைத்துக் காட்டு. ஒரு கதவுக்கு உரியது மட்டும் கொடுப்போம். உன் வீட்டிலிருந்து ஒரு துரும்பும் வரக்கூடாது. மூன்றாம் நாள் உன் வீட்டு ஆண்கள் அறுபது கூடை மண் ஏற்ற வேண்டும். ஏற்றினால் நீ சொல்வது உண்மை. ஏற்றாவிட்டால் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிப் போய்விடு."

எல்லைக்கு அப்பால் மூன்று நாள் நடைக்குத் தண்ணீர் கிடையாது. மாடத்தியின் கடைசிப் பிள்ளைக்கு வயது இரண்டு. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு உத்தரவு வேணும், மகாராசா. உங்க அரண்மனையில வேண்டாம்னு போடுறத நான் எடுத்துக்கிடலாமா?"

மடப்பள்ளித் தலைவர் எழுந்து நின்றார். "எங்கள் மடப்பள்ளியில் எதுவும் வீணாவதே இல்லை."

"அப்போ எனக்கு ஒண்ணும் கிடைக்காது. உத்தரவு குடுக்கிறதுல நட்டமும் இல்ல" என்றாள் மாடத்தி.

அரசர் உத்தரவு கொடுத்தார்.

முதல் நாள் அவள் மடப்பள்ளியின் பின்பக்கம் போனாள். சோறு வடித்த கஞ்சி வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. காயை மட்டும் பறித்துக்கொண்டு முருங்கைக் கிளையை அப்படியே எறிந்திருந்தார்கள். குலையை வெட்டிய வாழைமரங்கள் பூவும் தண்டுமாய்க் கிடந்தன. அவள் கஞ்சிக்குக் குடத்தை ஏந்தினாள். கீரையை உருவினாள். கொள்ளை ஊறப் போட்டாள். அன்று இருபத்திரண்டு பேரும் கஞ்சியில் கரைத்த கேழ்வரகுக் கூழும் கீரையும் உண்டார்கள்.

இரண்டாம் நாள் வாழைத்தண்டு, வாழைப்பூ. பீர்க்கங்காய்த் தோலை வதக்கி உப்பும் புளியும் வைத்துத் துவையல் அரைத்தாள். தயிர்ப்பானை கழுவிய தண்ணீர் மோராயிற்று. புளி எங்கிருந்து வந்தது என்று சோலைக்கூத்தர் கேட்டார். மடப்பள்ளியில் ஒரு முறை கரைத்து எறிந்த சக்கை என்றாள். அவர் சக்கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

துவையல் வாசம் மேல்மாடம் வரைக்கும் போயிற்று. அரசரே இறங்கி வந்தார். அன்று காலை அவர் பதினெட்டு வகைப் பண்டங்களோடு உட்கார்ந்து, வயிறு மந்தமாக இருந்ததால், மூன்றை மட்டும் தொட்டுவிட்டு எழுந்திருந்தார்.

"எனக்கும் கொஞ்சம் ஊற்று" என்றார்.

மாடத்தி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அளந்து காய்ச்சினது, மகாராசா. உங்களுக்கு ஊத்தினா ஒருத்தருக்குக் குறையும். யாருக்குக் குறைக்கட்டும்னு நீங்களே சொல்லிருங்க."

அரசர் பந்தியைப் பார்த்தார். முதலில் கிழவர் இருந்தார். அவர் அரசரின் தகப்பனார் காலத்தில் கிணறு வெட்டியவர். நடுவில், மறுநாள் மண் சுமக்க வேண்டிய நான்கு பேர் இருந்தார்கள். கடைசியில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று கிண்ணத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அரசர், "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டு மேலே போனார். ஏறும்போது ஒவ்வொரு படியாக ஏறினார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் மாடத்தி மடப்பள்ளிப் பக்கம் போனாள். அங்கே ஒன்றும் இல்லை. மடப்பள்ளித் தலைவருக்கு ரோசம் வந்திருந்தது. தோல், தண்டு, சக்கை எதையும் வெளியே விடாமல் எல்லாவற்றையும் அவரே சமைத்துவிட்டார். அன்று அரசருக்குப் பீர்க்கங்காய்த் தோல் துவையல் பரிமாறப்பட்டது. அரசர் மூன்று முறை கேட்டு வாங்கினார்.

மாடத்தி காலிக் கூடையோடு நின்றாள். கண் கலங்கிற்று. அவளுடைய கொழுந்தன் மனைவி ஒருத்தி உரக்க அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"அழறதுன்னா ஓரமா உட்கார்ந்து அழு. தண்ணி வீணாப் போகாத இடமாப் பாரு" என்று சொன்ன மாடத்தி, சொன்னதும் தானே நிமிர்ந்தாள். அரசர் குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

அது மதிலோரம் ஒரு வாய்க்காலில் ஓடி மண்ணில் மறைந்துகொண்டிருந்தது. அந்த வாய்க்காலின் இரு கரையிலும் பொன்னாங்கண்ணியும் சாரணையும் குப்பைக்கீரையும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. தோட்டக்காரர் இரண்டு பேர் அவற்றைக் களை என்று பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார்கள்.

பதினொரு பிள்ளைகளும் ஓடிப் போய் அள்ளி வந்தார்கள். மாடத்தி முளைவிட்ட கொள்ளை வேகவைத்து, அதன் தண்ணீரைச் சாறாக இறுத்தாள். கொள்ளைக் கீரையோடு கடைந்தாள். கேழ்வரகைக் களியாகக் கிண்டினாள். அண்ணன் தம்பிகள் உண்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சோலைக்கூத்தர் கிணற்றடியில் நின்று கூடைகளை எண்ணினார். அறுபதாவது கூடை மேலே வந்தது. அவர் திரும்பிப் போகலாம் என்று பார்த்தார். அறுபத்தொன்று வந்தது. அறுபத்திரண்டும் வந்தது.

அரசர் மாடத்தியை அழைத்தார். "நீ சொன்னது உண்மை. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கதவுக்கு இரண்டு படி என்றால் நீ நாலு கதவு வைத்திருக்கலாமே? கஷ்டமே இல்லாமல் போயிருக்கும்."

"களஞ்சியம் ஒண்ணுதான, மகாராசா. மத்தவங்களப் போல நாங்களும் நாலு கதவு கூட வெச்சா நாலு வீட்டுக்குக் குறையும். அந்த வீட்லயும் யாரோ ஒருத்தி பானையைப் பார்த்துட்டு நிப்பா."

"அப்படியானால் யார் வைத்திருக்கிறார்கள்?"

"அத நான் சொல்ல மாட்டேன். கதவெல்லாம் தெருவப் பார்த்துத்தான் இருக்கு. நடந்து போனா தெரியும்."

அரசர் அதுவரை தெருவில் நடந்ததில்லை. அன்று நடந்தார். கதவுகளை எண்ணிக்கொண்டே போனார். ஒரு பெரிய வீட்டின் முன்னால் எண்ணிக்கை பதினொன்று என்று வந்தது. முதல் கதவைத் தட்டினார். ஓர் அம்மாள் திறந்தாள். இரண்டாவது கதவைத் தட்டினார். அதே அம்மாள் திறந்தாள். மூன்றாவதைத் தட்டினார். அதே அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து திறந்தாள். நான்காவது கதவுக்குப் பின்னால் சுவர் இருந்தது.

அது சோலைக்கூத்தரின் வீடு. உள்ளே இருந்தது அவரும் மனைவியும் ஒரே மகனும். கூடத்தில் குதிர் குதிராகக் கேழ்வரகு கிடந்தது. வண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இத்தனையையும் என்ன செய்யறதுன்னே தெரியல, மகாராசா" என்றாள் அந்த அம்மாள். மூன்று மாதமாக அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை; இது என்ன என்று அரசர் கேட்டதும் அழுதுவிட்டாள். "இவர் கொண்டுவந்துட்டே இருக்கார். மூணு பேர் எவ்வளவுதான் தின்கிறது?"

சோலைக்கூத்தர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆணையை நான் மீறவில்லை, அரசே" என்றார் மெதுவாக.

"இல்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றார் அரசர். அந்த ஆணையின் கீழே இருந்தது அவருடைய முத்திரை.

தன் வாழ்நாளில் முதல் முறையாக, பேசிய பிறகு யோசித்தார். ஆணையைக் கிழித்தார். இனிமேல் ஆளுக்கு இவ்வளவு என்று அளக்கச் சொன்னார். அளக்கும் வேலையை மாடத்தியிடம் கொடுத்தார். அவள் சமைத்து முடித்த பிறகு வருவதாகச் சொன்னாள். அதற்கும் சரி என்றார். சோலைக்கூத்தருக்கு அதே களஞ்சியத்தில் மூட்டை சுமக்கும் வேலை கிடைத்தது. முதல் வாரம் பத்து மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார். மாடத்தி அவருக்கும் கொள்ளுச் சாறு கொடுத்தனுப்பினாள். அடுத்த வாரம் இருபது சுமந்தார்.

தானியம் வாங்க வந்த பெண்கள் கொள்ளை எப்படி முளைகட்டுவது, எந்தக் கீரையைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று களஞ்சிய வாசலிலேயே அவளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் நடந்தார்கள். நான்கு மாதம் கழித்து மழை வந்தபோது, அதை நனைந்துகொண்டே பார்க்க எல்லோராலும் வாசலுக்கு வர முடிந்தது.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: எத்தனை வாய் காத்திருக்கிறது என்று முதலில் பார்த்து, கையில் இருப்பதில் ஒரு துளியும் வீணாக்காமல், எல்லோருக்கும் வயிறு நிறையப் பங்கிடத் தெரிந்தவரே வீட்டை ஆளவும் நாட்டை ஆளவும் தகுந்தவர்.