மரம் இழுத்த பாதி

கோணக்காட்டுக்காரர்கள் மூளையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். எடுத்துச் செலவழித்தால் தீர்ந்துவிடுமே! அந்த ஊர்ப் பழைய இரும்பு வியாபாரி ராக்கியப்பன் எதையும் பாதி விலைக்குக் கேட்பார், கொடுக்காவிட்டால் கத்துவார். அப்படிக் கத்தி வாங்கிய கார் ஒன்றின் என்ஜினை வைத்து, தகரமும் சைக்கிள் சக்கரமும் சேர்த்து, ஒரு விமானமே கட்டிவிட்டார்.

"உன்ற தம்பி கல்யாணத்துக்குப் பறந்துதான் வருவேன். இல்லாட்டிப் பந்தியில உக்கார மாட்டேன், நின்னு தண்ணி ஊத்தறேன்!" என்று பெண்டாட்டியிடம், அவள் வீட்டார் எல்லோர் முன்னாலும் சபதமும் போட்டாயிற்று. கல்யாணம் நாளை மறுநாள்.

விமானத்தின் மூக்கில் சுழலும் புரொப்பல்லரை மரத்தில் செதுக்கிக் கொடுத்த ஆசாரி தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார். "வாலை மரத்துல கட்டுங்க. நடுவுல தராசு மாட்டுங்க. முழு வேகத்துல நூத்தம்பது கிலோ இழுத்தாப் பறக்கலாம். முன்னாடி யாரும் நிக்காதீங்க. ஓடறப்ப எல்லாரும் காதைப் பொத்திக்கங்க."

அப்படியே செய்தார்கள். பூவரச மரத்துக்கும் விமானத்தின் வாலுக்கும் நடுவில் இரும்புக்கடைக் கொக்கித் தராசு. கூட்டாளி ஒண்டிமுத்து உள்ளே ஏறினான். இன்னொரு கூட்டாளி குப்பண்ணன், முன்னாடிதானே நிற்கக் கூடாது என்று, நேர் பின்னால் நின்றான். என்ஜின் கிளம்பியதும் அவன் வேட்டி பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

"அணைடா!" என்று ராக்கியப்பன் அலறினார்.

ஒண்டிமுத்து இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தான். அலறல் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் சுவிட்சைத் தொடக் கை ஏது? பெட்ரோல் தீர்ந்துதான் என்ஜின் நின்றது. ஆனால் தராசு முள் இருநூறைத் தொட்டதை ராக்கியப்பனும் குப்பண்ணனும் கண்ணால் பார்த்தார்கள்.

"இருநூறு! பறந்தாச்சுங்கண்ணா!" என்றான் குப்பண்ணன், சாக்கைச் சுற்றிக்கொண்டு.

தராசு விஷயத்தில் ராக்கியப்பனை ஏமாற்ற முடியுமா? "அட கூறு கெட்டவனே! இந்தப் பக்கம் விமானம் இழுத்துச்சு. அந்தப் பக்கம் இழுத்தது யாரு?"

"மரமுங்க."

"அப்ப மரத்தோட பங்கைக் கழிக்க வேண்டாமா?"

குப்பண்ணன் வெகுநேரம் யோசித்தான். "பாதி போச்சுங்க. நம்மளுது நூறுதான்."

மூவரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். பந்தியில் செம்போடு நிற்கும் தன் உருவம் ராக்கியப்பன் கண்முன் வந்து போனது.

"அண்ணா, மரம் நெசமாவே இழுக்குதான்னு தனியாப் பாத்துட்டா?" என்றான் ஒண்டிமுத்து.

தராசின் ஒரு கொக்கியை மரத்தில் மாட்டி, மறுபக்கம் மூவரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். முள் எழுபதுக்கு ஏறியது.

"விடாம இழுக்குதுங்கண்ணா!"

"சத்தம்?"

"மூச்சு விடலீங்க."

"பெட்ரோலு?"

"ஒரு சொட்டுக் குடிக்கலீங்க."

ராக்கியப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. "இத்தனை பலத்தை வெச்சுக்கிட்டு இவ்வளவு நாளாச் சும்மா நின்னிருக்குது பாரு, சோம்பேறி மரம்!"

மறுநாள் மரத்தை வேரோடு பெயர்த்தார்கள். என்ஜினையும் புரொப்பல்லரையும் கழற்றி எறிந்துவிட்டு, விமானத்தின் மூக்கில் மரத்தை நட்டார்கள்.

கல்யாணத்தன்று காலை ராக்கியப்பன் பட்டு வேட்டியோடு விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். பெட்ரோல் டேங்க் நிறையச் சாணித் தண்ணீர். ரோட்டில் வந்து நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவர் பெண்டாட்டி பொன்னாத்தா எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, மத்தியானத்தோட பந்தி முடிஞ்சிருமுங்க. பேசாம பஸ்ஸுல ஏறுங்க!"

"நீ முன்னாடி போய் எனக்கு எலை போட்டு வெய்யி," என்றார் ராக்கியப்பன், திரும்பிக்கூடப் பார்க்காமல். "கொஞ்சம் வேர் புடிச்சாப் போதும், கெளம்பிரும்."