டீச்சரம்மாவின் ஆலமரத்துக்குப் பூவாளி வாங்கிய கதை

மூளை குறைவாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. சந்தேகமே வராது. வேலம்பதியில் சௌந்தரநாயகி டீச்சரின் தென்னந்தோப்புக்குக் காவல் இருந்த மூன்று பேருக்கும் இந்தச் சௌகரியம் தாராளமாக வாய்த்திருந்தது.

சடையப்பன்தான் மூவருக்கும் தலைவன். மற்ற இருவரும் யோசிப்பதற்குக் கண்ணை மூடுவார்கள், மூடியதும் தூங்கிவிடுவார்கள். சடையப்பன் கண்ணைத் திறந்துகொண்டே யோசிப்பான். அதனால் தலைமை அவனுக்கு வந்தது. பொங்கியண்ணன் நெட்டையன், பலசாலி. எதைத் தூக்கச் சொன்னாலும் தூக்குவான், எதற்கு என்று கேட்கமாட்டான். உத்தண்டி ஒல்லி. அவன் எல்லாவற்றையும் கேட்பான், ஆனால் பதில் வருவதற்குள் கேள்வியை மறந்துவிடுவான். தோப்பின் மூலையில் இருந்த தகரக் கொட்டகைதான் மூவருக்கும் வீடு. அதை விட்டால் ஒதுங்குவதற்கு வேறு நிழல் கிடையாது.

டீச்சரம்மா பள்ளிக்கூடத்தில் செடிகொடிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிள்ளை குட்டிக்கு அடுத்தபடியாக அவர் உயிரை வைத்திருந்தது ஒரு போன்சாய் ஆலமரத்தின் மேல். தட்டு மாதிரி ஒரு தொட்டியில், ஒரு முழம்கூட இல்லாத ஆலமரம். மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று பெங்களூர் கிளம்பிய அன்று, மூவரையும் அதன் முன்னால் நிறுத்தினார்.

"சடையப்பா, இது முப்பது வருசமா என்கூட இருக்கற மரம். பழைய பூவாளி மூக்கு ஒடைஞ்சு போச்சு. டவுனுக்குப் போயி, இந்த மரத்துக்குப் பொருந்துதான்னு பாத்து, நல்ல பூவாளியா ஒண்ணு வாங்குங்க. இந்த முக்காலிய விட்டு மரத்தை இறக்கக்கூடாது. கூரைக்குக் கீழ வெக்கக்கூடாது, வெளிச்சம் வேணும். மண்ணுல வெரல வெச்சுப் பாருங்க, காஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்க. மண்ணு கரையக்கூடாது."

"சரீங்க டீச்சரம்மா."

"நான் வரும்போது மரம் பட்டுக் கெடந்துச்சுன்னா, அன்னைக்கே மூணு பேரும் கொட்டகையைக் காலி பண்ணிடணும். ஆமா."

சடையப்பன் கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கார் போன பிறகு மூவரும் மரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அண்ணா, முப்பது வயசுங்கறாங்க, இத்தனூண்டு இருக்குதே?" என்றான் உத்தண்டி.

"எங்க சித்தப்பாகூடக் குள்ளந்தான்டா. அம்பது வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறமும் குள்ளந்தான்."

உத்தண்டிக்கு மனம் சமாதானமாயிற்று.

பூவாளி மரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் மரம் கடைக்கு வந்தாக வேண்டும். மரமோ முக்காலியை விட்டு இறங்கக்கூடாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சடையப்பன் நெடுநேரம் கண்ணைத் திறந்தபடி யோசித்தான். பிறகு பொங்கியண்ணன் முக்காலியோடு மரத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். ஊர்வலம் பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பியது.

பஸ் வந்ததும் உத்தண்டி தயங்கினான். "அண்ணா, பஸ்ஸுக்கும் கூரை இருக்குதே."

"ஜன்னலோரம் வெச்சா வெளிச்சம் வரும். ஏறு."

கண்டக்டர் மரத்தை ஒரு பார்வை பார்த்தார். "யாரு இது? அரை டிக்கெட்டா?" என்று கேலியாகக் கேட்டார். சடையப்பன் பொய் சொல்லிப் பழகாதவன். "முப்பது வயசுங்க," என்றான். கண்டக்டர் அந்த வழியில் நெடுநாளாக ஓடுகிறவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் முழு டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுத்தார். டிக்கெட் எடுத்த பயணி என்பதால் ஆலமரம் ஜன்னலோர இருக்கையில் வசதியாகப் போக, மூவரும் நின்றுகொண்டே போனார்கள். கூடையோடு ஏறிய ஓர் அம்மாள் இடம் கேட்டபோது, "பெரியவர் உக்காந்திருக்காருங்க," என்று உத்தண்டி பணிவாகச் சொன்னான். அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

டவுனில் நாற்றுப்பண்ணைக் கடை வைத்திருந்தவர் ஹபீபுல்லா பாய். நிதானமான மனிதர். முக்காலியில் வந்து இறங்கிய மரத்தைப் பார்த்தும் அவர் நிதானம் தவறவில்லை.

"சின்ன மரத்துக்குன்னா பூவாளி மூக்கு நீளமா, மெலிசா இருக்கணும் அண்ணா. அப்பத்தான் எலைக்கு நடுவுல போயிச் சேரும். தண்ணி ரொப்பினாலும் கை நோகாம தூக்க வரணும். முக்கியமா அந்த நுனியில இருக்கற சல்லடை. அது மேல பாத்து இருக்கணும். தண்ணி மேல எழும்பி, அப்பறமா மழையாட்டம் விழுகும். கடுகத்தனை சொட்டா விழுகணும். அதுக்கு மேல பெருசாச்சுன்னா மண்ணு கரைஞ்சு வேரு வெளிய வந்துரும். வேரு வெளிய வந்தா மரம் போச்சு."

மரம் போச்சு என்பது சடையப்பன் காதில் கொட்டகை போச்சு என்றே விழுந்தது. "இருக்கற எல்லாப் பூவாளியையும் எடுங்க பாய். ஒவ்வொண்ணா ஊத்திப் பாத்தர்றோம்," என்றான்.

"அத்தனை தண்ணி ஊத்தினா வேரு அழுகிப் போயிருமே."

இது புதுச் சங்கடம். மூவரும் கலந்து பேசினார்கள். கடைசியில், ஒல்லியாக இருப்பதால் உத்தண்டி மரமாக உட்காருவது என்று முடிவாயிற்று. கடைவாசலில் கிடந்த மணல் குவியல்மேல் அவன் குத்தவைத்து, இரண்டு கைகளையும் கிளைகளாக விரித்தான்.

முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பூவாளி. கத்திரித் தோட்டத்துக்கு ஊற்றுவது. சடையப்பன் அதைச் சாய்த்தான்.

"மரமே, எப்புடி இருக்குது?"

"அறையற மாதிரி இருக்குதுங்க. காலுக்கடியில மணலும் போகுது."

"வேரு தெரியுதா பாரு பொங்கியா."

பொங்கியண்ணன் குனிந்து பார்த்தான். "கட்டைவிரல் தெரியுதுண்ணா."

அது தள்ளுபடியாயிற்று. அடுத்தது தகரப் பூவாளி. அதன் சல்லடை கீழே பார்த்திருந்ததால் தண்ணீரெல்லாம் நேராகக் காதுக்குள் போயிற்று. மரத்துக்குக் காது உண்டா என்று சற்று நேரம் விவாதம் நடந்தது. மூன்றாவதாகப் பாய் ஒரு செம்புப் பூவாளியை எடுத்துக் கொடுத்தார். கொக்குக் கழுத்து மாதிரி நீண்ட மூக்கு. ஊசிமுனைத் துளைகள். தண்ணீர் மேலே எழும்பி, பொடிப்பொடியாக உத்தண்டியின் தலையில் இறங்கியது. உத்தண்டி கண்ணை மூடினான். தூங்கிவிட்டான்.

"மரத்துக்குப் பிடிச்சிருக்குது. இதுதான்," என்றான் சடையப்பன்.

அப்போதுதான் பொங்கியண்ணன், பிறந்ததிலிருந்து முதன்முறையாக, ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, உத்தண்டி எந்த மரமா உக்காந்திருந்தான்?"

எழுப்பிக் கேட்டார்கள். உத்தண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "யாரும் சொல்லலீங்களே. நான் முருங்கையாத்தான் உக்காந்திருந்தேன்," என்றான்.

சடையப்பன் பூவாளியைக் கீழே வைத்தான். முருங்கைக்குப் பிடித்த பூவாளியை ஆலமரத்துக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தால் என்ன கதி ஆகியிருக்கும். உடனே பாயிடம் தேங்காய்நார்க் கயிறு வாங்கி, உத்தண்டியின் இரண்டு கைகளிலும் விழுதுகளாகத் தொங்கவிட்டார்கள். முதல் பூவாளியிலிருந்து எல்லாம் மறுபடி நடந்தது. இதற்குள் கடைவாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆலமரமாக உட்கார்ந்த உத்தண்டியும் செம்புப் பூவாளிக்கே தூங்கினான். பாய் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

ஊருக்கு வந்ததும் விரல் வேலை ஆரம்பித்தது. மண்ணில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், காய்ந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். பொங்கியண்ணன் விரலை வைத்தான். ஈரமாக இருந்தது. காயட்டும் என்று வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"காஞ்சுதா பொங்கியா?"

"இன்னும் இல்லீங்கண்ணா."

மத்தியானம் உத்தண்டி அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டினான். சாயங்காலம் ஆனபோது பொங்கியண்ணன் முகம் வாடிவிட்டது. "அண்ணா, மண்ணு காஞ்சுதான்னு தெரியல. வெரலு இருக்குதான்னே தெரியல." மரத்துப்போன விரலின் பேச்சை நம்பித் தண்ணீர் ஊற்ற முடியாது. அதனால் மறுநாளிலிருந்து மூவரும் முறைபோட்டு விரல் வைத்தார்கள். தோப்புக்குள் தேங்காய் திருடு போனதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

இத்தனைக்கும் நடுவில் அந்த மரம் சாகவில்லை. செம்புப் பூவாளி உண்மையிலேயே நல்ல பூவாளி. ஒரு காலையில் கிளை நுனியில் செக்கச்செவேலென்று ஒரு தளிர் விட்டது. சடையப்பன் அதைப் பார்த்துக் கண் கலங்கினான். இருக்க இடம் நிலைத்துவிட்டது என்று நிம்மதியாகக் கொட்டகைச் சுவரைத் தடவிக் கொடுத்தான்.

டீச்சரம்மா வரப்போகிற அன்று மத்தியானம் வானம் கறுத்தது. அடுத்த நிமிடம் சடசடவென்று பிடித்துக்கொண்டது. சடையப்பன் உள்ளங்கையை நீட்டி ஒரு சொட்டை ஏந்திப் பார்த்தான்.

"டேய், இது கடுகு இல்லடா. சுண்டைக்காய்."

"மழைதானுங்களேண்ணா?"

"என்ன மழை? பாய் சொன்ன மாதிரி பெய்யுதா? இந்த மழைக்கு மழையாட்டம் பெய்யவே தெரியல."

தொட்டியில் மண் தெறிக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வேர் தெரிந்துவிடும். மரத்தை வீட்டுத் தாழ்வாரத்துக்குத் தூக்கினால் அது கூரைக்குக் கீழே வைத்ததாகிவிடும். சடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டென்று கொட்டகைமேல் ஏறினான். ஆணியைப் பிடுங்கி, கூரைத் தகரம் முழுவதையும் கழற்றிக் கீழே தள்ளினான். பொங்கியண்ணனும் உத்தண்டியும் ஒரு தகரத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கி மரத்துக்கு மேலே பிடித்தார்கள்.

"அண்ணா, இது கூரை இல்லீங்களா?" என்றான் உத்தண்டி.

"கொட்டகை மேல இருந்தாத்தான்டா கூரை. கையில இருந்தா தகரம்."

மண் தப்பியது. ஆனால் அன்றைக்கு விரல் முறை பொங்கியண்ணனுடையது. கடமை தவறாதவன். ஒரு கையால் தகரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கை விரலைத் தொட்டியில் வைத்தான். "ஓரத்துல காஞ்சு கெடக்குதுங்கண்ணா," என்றான்.

சடையப்பன் பூவாளியை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான். ரொப்பினான். ஓடி வந்து தகரத்துக்கு அடியில் குனிந்து, மரத்துக்குக் கடுகத்தனை சொட்டுகளாக ஊற்றினான். மூன்றாம் நடையில் வழுக்கி விழுந்தான். விழுந்த இடத்திலேயே, சேற்றில் மல்லாந்தபடி, கண்ணைத் திறந்துகொண்டு யோசித்தான். மேலே இருந்து இவ்வளவு தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. இதற்கு இல்லாதது சல்லடை ஒன்றுதான்.

சுத்தியலும் சின்ன ஆணி டப்பாவும் வந்தன. ஒரு தகரத்தை மணலில் போட்டு நெருக்கமாகத் துளை போட்டான். அதை மரத்துக்கு மேலே பிடித்ததும் மழை அதன் வழியாக மெல்லிசாக, பதமாக, பாய் சொன்னபடியே இறங்கியது. காற்று திசை மாறினால் உதவும் என்று மற்றத் தகரங்களுக்கும் துளை போட்டு வைத்தான் சடையப்பன். அவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல.

இப்படி நின்றுகொண்டிருக்கும்போதுதான் டீச்சரம்மாவின் கார் வந்தது. அவர் குடையோடு இறங்கி வந்து பார்த்தார். நனைந்து நடுங்கிக்கொண்டு இரண்டு பேர் தகரம் பிடித்திருந்தார்கள். மூன்றாவது ஆள் சுத்தியலோடு காவல் நின்றான். நடுவில் ஆலமரம் முக்காலிமேல் ராஜா மாதிரி இருந்தது. டீச்சரம்மா மண்ணைத் தொட்டார். கரையவில்லை. தளிரைப் பார்த்தார்.

"பெத்த பிள்ளைகூட என்னோட மரத்தை இப்படிப் பாத்துக்க மாட்டான் சடையப்பா," என்றார் கடைசியில். "இனி அந்தக் கொட்டகை உங்களோடது. ஆயுசுக்கும் அங்கயே இருங்க. உங்களை யாரும் போகச் சொல்ல முடியாது."

சடையப்பன் குழந்தை மாதிரி அழுதான். மழை சற்று ஓய்ந்த நேரத்தில் மூவரும் தகரங்களையெல்லாம் கொண்டுபோய்ப் பழையபடி கூரையில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் கெட்டியாக ஆணி அடித்தார்கள். பிறகு தங்கள் சொந்த வீட்டுக்குள் போய்ப் படுத்தார்கள். மறுபடி மழை பிடித்தது.

விடிந்ததும் டீச்சரம்மா காபி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். உள்ளே இருந்தவர்கள் சொட்டச் சொட்ட நனைந்து, முகத்தில் பரம திருப்தியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னப்பா இது, கூரை ஒழுகுதா?"

சடையப்பனுக்கு அந்த வார்த்தை சற்றே மனத்தாங்கலாக இருந்தது. "ஒழுகறதெல்லாம் இல்லீங்க டீச்சரம்மா. ஒழுகுனா ஒரு மூலையிலதான விழுகும்? இது எல்லாப் பக்கமும் ஒரே சீரா விழுகுது. தரையில ஒரு பிடி மண்ணு கரையல பாருங்க."

டீச்சரம்மா அண்ணாந்து பார்த்தார். கூரை முழுக்கக் காலை வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், தோப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய ஓட்டு வீட்டுத் திசையிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. கொட்டகைக்குள் இருந்தது இரண்டே பேர் என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். பொங்கியண்ணன் பின்வாசல் வழியாக எழுந்து போயிருந்தான்.

"நீங்க எங்களுக்கு இவ்வளவு பண்ணியிருக்கீங்க," என்றான் சடையப்பன், காபியை வாங்கிக்கொண்டே. "ஆணி வேற மிச்சம் இருந்துதுங்க. ஓட்டுக்குக் கொஞ்சம் பாத்து அடிக்கோணும், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள்ள பெரிய வீடும் முடிஞ்சுருமுங்க."