கார்டியன் கையெழுத்து

பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்கிற பேச்சியம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. கணக்கில் ஆறு தடவை தவறி, ஏழாவது தடவை பிளஸ் டூ தேறியதும், பி.ஏ. சேர ஆசை ஆசையாகக் கல்லூரிக்குப் போனாள்.

தாளாளர் சபாபதி, மை பூசிய மீசையை முறுக்கினார்.

"படிக்க வந்திருக்கிற சின்னப்பிள்ளை நீ. அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா, சீட்டு தரேன்."

"அவங்க செத்து இருபது வருஷமாச்சுங்கய்யா."

"அப்போ உன்னைவிட மூத்தவர் ஒருத்தர் கார்டியனா கையெழுத்துப் போடணும். இல்லேன்னா கிளம்பு!"

"நீங்களே போடுங்கய்யா."

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. தாளாளர் பதறிப்போனார்.

"நானா? நான் உன்னைவிடச் சின்னவன்!"

"அப்படியா தம்பி? அப்போ அக்காவை நீ, வா, போன்னு பேசலாமா? எழுந்திரு, அக்கா உட்காரணும்."

கிளார்க்குகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தாளாளர் விண்ணப்பத்தைப் பிடுங்கி அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். பக்கத்திலிருந்த வயதுக் கட்டத்தில் அறுபத்து நாலு என்றும் எழுத வேண்டியதாயிற்று.

மூன்று வருஷம் கழித்துப் பட்டமளிப்பு விழா நடந்தது. பட்டத்தை வாங்கிய பேச்சியம்மாள், கூட்டம் பார்க்கப் பார்க்கத் தாளாளரிடம் ஓடினாள்.

"அப்பா, நான் பாஸாயிட்டேன்!"